அசைந்தால் எரியும்

"பாத்தீங்களா அந்தக் கூத்தை? கட்டின புருஷனை இருட்டுல உக்கார வெச்சு கரண்ட் மிச்சம் பிடிக்கிறாங்க!"

ரூபினிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஊரெல்லாம் விளக்குப் போடுகிற நேரம். எதிர்வீட்டு வாசலில் பெருமாள்சாமி மட்டும், பிளாஸ்டிக் நாற்காலியில், இருட்டோடு இருட்டாகக் கிடந்தார்.

மர்பி டவுனில் அந்தச் சந்தில் அவர் பெயின்ட் அடிக்காத சுவர் கிடையாது. போன வருஷம் பக்கவாதம் வந்து கை, கால், பேச்சு எல்லாம் போயிற்று. தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது அத்தனையும் அவர் மனைவி சந்திரம்மாதான்.

"எல்லாம் நீங்க பண்ண வேலை. விடிய விடிய எரிஞ்ச குண்டு பல்பைக் கழட்டிட்டு சென்சார் லைட்டை மாட்டிட்டு வந்தீங்க."

அவள் புருஷன், எலெக்ட்ரீசியன் உமேஷ், டீயை உறிஞ்சினான். "சந்து பூரா அதான் மாட்டியிருக்கேன். ஆள் அசைஞ்சா எரியும், இல்லன்னா அணைஞ்சிரும். கேட்டுக்கு மேல மாட்டுறேன்னேன், அந்தக்கா கேக்கல. நாற்காலிக்கு நேரா, அவரைப் பாத்து மாட்டுன்னு ஒரே பேஜாரு."

"அசையாத மனுஷனுக்கு அசைஞ்சா எரியிற லைட்டா? அவங்களுக்குத்தான் மூளையில்ல, உங்களுக்குமா?"

"நீ சும்னிரு. அவங்க வீடு, அவங்க லைட்டு."

சும்மா இருக்க ரூபினிக்கு வருமா? நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்று சந்தைத் தாண்டிப் போனாள். கேட்டைத் தள்ளிப் படியில் கால் வைத்தாள்.

பளிச்சென்று விளக்கு எரிந்தது.

உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. "என்னங்க... என்னங்க!" என்று மாவுக்கையோடு ஓடிவந்தாள் சந்திரம்மா. அப்படியொரு முகத்தை ரூபினி அவளிடம் பார்த்ததே இல்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

படியில் நின்ற ரூபினியைப் பார்த்ததும் அந்த முகம் அப்படியே வடிந்துபோயிற்று.

"ஓ... நீயாம்மா."

ரூபினி, "இருட்டுல இருக்காரேன்னு..." என்று இழுத்தாள்.

"பக்கத்துல நான் நின்னா எனக்கே எரிஞ்சிடுதும்மா. அதான் உள்ளயே இருந்து பாத்துக்கிட்டிருக்கேன். டாக்டருங்க இனிமே ஒண்ணுமில்லன்னு கையை விரிச்சிட்டாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்?"

சந்திரம்மா விளக்கை அண்ணாந்து பார்த்தாள். குரல் தணிந்தது.

"ஏம்மா, உமேஷ் தம்பி மாட்டினது நல்ல லைட்டுதானே? ஒரே ஒரு விரல் அசைஞ்சாலும் எரியும்ல?"

ரூபினி நாற்காலியைப் பார்த்தாள். விளக்கு எரிந்ததுகூடத் தெரியாமல் அந்தக் கண்கள் எங்கேயோ நிலைகுத்தி இருந்தன.

"எரியும்க்கா."

"அப்போ கொஞ்சம் ஆடாம நில்லும்மா. அணையட்டும்."

நின்றார்கள். விளக்கு அணைந்தது.

கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கப் போன கையை, ரூபினி பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.