வெள்ளை உடுத்தாத பாட்டில்

"இது கல்யாணப் பொண்ணு இல்ல. வெறும் பாட்டில். உள்ள கொண்டு போ."

எவாரிஸ்தோ பீரைக் குடிக்காமல் தள்ளி வைத்தார். கடைக்காரி எர்சிலியா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"பீர்தானே கேட்டீங்க, டோன் எவாரிஸ்தோ? உள்ள இருக்கிறது பீர்தானே?"

"எனக்குக் கண்ணு இன்னும் அவிஞ்சு போகல."

கரீபியன் கடலோரத்துச் சான் பெத்ரோவில் பீர் என்றால் பாட்டில் முழுக்கப் பனி பூத்து வெள்ளை வெளேரென்று வர வேண்டும், கோயிலுக்குள் நுழைகிற மணப்பெண்ணின் கவுன் மாதிரி. அதனால்தான் அதற்குக் கல்யாணப் பொண்ணு என்று பேர். எர்சிலியாவின் மூலைக்கடைப் பொண்ணுக்கு ஈடு அந்தப் பேட்டையிலேயே கிடையாது.

கரும்பாலை வேலையும் முடிந்து, மனைவியும் போய்ச் சேர்ந்தபின், எவாரிஸ்தோவுக்கு வீடு தூங்குவதற்குத்தான். மற்றதெல்லாம் இந்தக் கடைவாசல் நாற்காலி. அப்படிப்பட்ட கடை கொஞ்ச நாளாகக் கசந்துகொண்டு வந்தது.

பக்கத்தில் டோமினோ ஆடிக்கொண்டிருந்த சிச்சியின் பாட்டில் வெள்ளை. நேற்று முளைத்த பைக் டாக்சிக்காரனுக்கும் வெள்ளை. இவருடையது மட்டும் அம்மணம். பச்சைக் கண்ணாடி பளபளவென்று தெரிகிறது.

தொட்டால் ஜில்லென்றுதான் இருக்கிறது. சந்தேகமே அங்கேதான். ஜில்லென்று இருக்கிற பாட்டிலில் பனி எங்கே போகும்? எவனோ மிச்சம் வைத்ததை மூடிபோட்டுத் தருகிறாளோ? புருஷன் செத்த பிறகு தனியாளாகக் கடை நடத்துகிறவள். நாலும் கற்றிருப்பாள்.

"என் கண்ணு முன்னால திற."

திறந்தாள். புஸ்ஸென்று நுரை பொங்கியது.

"கேட்டுச்சா? புதுசு."

"சோடாவுக்குந்தான் சத்தம் வரும்."

"பெரியவரே, குடிக்க வந்தீங்களா, விசாரணை நடத்த வந்தீங்களா?" என்றான் சிச்சி.

"நீ உன் கட்டையைப் பாரு. கள்ள ஆட்டக்காரனெல்லாம் பேச வந்துட்டான்!"

சிச்சி எதிரில் இருந்தவனைப் பார்த்துக் கண்ணடித்தான். அது எவாரிஸ்தோ கண்ணில் பட்டுவிட்டது. ஆக, எல்லாரும் கூட்டு. கிழவன் ஒரே பாட்டிலை வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் நாற்காலியை அடைக்கிறான், கிளப்பிவிடு என்று பேசி வைத்திருக்கிறார்கள். வாயால் சொல்லத் துணிச்சல் இல்லாமல் பாட்டிலால் சொல்கிறாள்.

"பாட்டிலை வெளிய எடுத்ததும் எனக்கு முதுகைக் காட்டிக் குனியிறியே, அங்க என்ன பண்ற?"

"செருப்பு வாரு அறுந்துச்சு. மாட்டினேன்."

"எனக்கு பீர் எடுக்கிறப்ப மட்டும் அறுந்து போற வாரு!"

டோமினோ மேசையில் சிரிப்பு வெடித்தது. எவாரிஸ்தோவுக்குக் காது சுட்டது.

"எதிர்க்கடைக்காரன் என்னை வாங்க வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்."

"போங்களேன். இங்க யாரு கையைப் பிடிச்சு இழுக்கிறா?"

சொல்லும்போது அவள் முகம் சிவந்துவிட்டது. திருட்டு முழி என்று நினைத்துக்கொண்டார்.

தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். வாசல்வரை நடந்துவிட்டார். எதிர்க்கடையில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. படியை விட்டு இறங்கினால் இனி இந்தப் பக்கம் தலைவைக்க முடியாது. அவர் வீம்பு அவருக்கே தெரியும். அங்கே பீர் கிடைக்கும். சண்டை போட யார் கிடைப்பார்கள்? எல்லாக் கடைக்காரனும் வியாபாரிதான். இவள் ஒருத்திதான் அவருக்குச் சரிக்குச் சரியாக வாய் கொடுப்பாள்.

காலைப் பின்னுக்கு இழுத்துத் திரும்பினார்.

"எர்சிலியா! நாலு பேர் சாட்சியா நேராக் கேக்கிறேன், நேராச் சொல்லு. எனக்குப் பொண்ணு தருவியா, மாட்டியா?"

டோமினோக் கட்டைகள் அப்படியே நின்றன. யாரோ ரேடியோவை அணைத்தார்கள். சிச்சி எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான்.

எர்சிலியா கல்லாவுக்குக் கீழே குனிந்து, சொட்டச் சொட்ட ஒரு துணியை எடுத்து மேசைமேல் எறிந்தாள்.

"இந்த ஒரு வார்த்தையை உங்க வாயில வரவைக்க, உங்க பாட்டில் பனியைத் துடைச்சுத் துடைச்சு என் கையே மரத்துப் போச்சு. தர்றேன், போய்ப் பாதிரியாரைப் பாருங்க. ஆனா ரெண்டாங் கல்யாணத்துக்கு நான் வெள்ளை உடுத்த மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்!"