புகையில்லாத இஸ்திரி

பனிமலை ஏறுபவர்களுக்குக் கோட்டு விற்கும் கம்பெனியின் துரை, புகையே விடாத தொழிற்சாலையைப் பார்க்க வருகிறாராம். விறகு பாய்லரைக் காலையிலேயே அணைத்துவிட்டார்கள்.

"சும்மா ஓட்டிட்டே இருங்க மாஸ்டர்," என்றார் மேனேஜர். நீராவி வராத, சில்லிட்ட இஸ்திரிப் பெட்டியைக் கோட்டுகள்மேல் ஓட்டிக்கொண்டிருந்தார் செங்கோடன். இந்தக் கூத்தும் பிழைப்பில் சேர்த்திதான்.

துரை புகைபோக்கியைப் படம் எடுத்தார். பூமி பிழைத்தது என்று எல்லோர் கையையும் குலுக்கினார். பிறகு, விமானத்தில் கசங்கிய தன் கோட்டைக் கழற்றி இஸ்திரி மேசையில் போட்டார். மேனேஜருக்கு வியர்த்தது.

செங்கோடன் பத்து முறை பெட்டியை ஓட்டி, கசங்கியபடியே நீட்டினார். துரை சுருக்கங்களைத் தடவினார். புகைபோக்கியை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். "பிரமாதம்," என்று மாட்டிக்கொண்டார்.

"மடிப்புக் கலையாம பாத்துக்கச் சொல்லுங்க சார்," என்றார் செங்கோடன்.