பச்சை டிக்

வேலை போய்விட்டது என்றே உமேஷ் முடிவு கட்டிவிட்டான். பத்து நாள் லீவு முடிந்து வந்ததும் வராததுமாக, தோள்பையைக்கூடக் கழற்றி வைக்காமல், டீம் லீட் சுப்ரியா அவனை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டுவிட்டார். அவர் வேறு கம்பெனி இன்டர்வியூவுக்குத்தான் லீவு போட்டார் என்று ஆபீஸே பேசிக்கொண்டிருந்தது.

"புரோகிராம்ல நீ மாத்தின அந்த வரியைக் காட்டு" என்றார்.

உமேஷ் லேப்டாப்பைத் திறந்தான். ஆஸ்பத்திரிகளுக்கான புரோகிராம் அது. யாரையாவது எமர்ஜென்சியில் சேர்த்தால் வீட்டுக்கு மெசேஜ் அனுப்பும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு பெரியவருடைய வீட்டுக்கு அது போகவில்லை. பாவம், தன்னந்தனியாகச் செத்துப்போனார். புகார் கொடுத்த மகள், அந்த வரியை எழுதியவனை நேரில் பார்க்கவேண்டும் என்கிறாளாம். இன்று பதினொரு மணிக்கு வருகிறாள் என்று மேனேஜர் ஸ்ரீஹர்ஷா சொல்லியிருந்தார்.

"ஏன் மாத்தினே?"

"சில ஆஸ்பத்திரில போன் நம்பரை எண்ணா அனுப்புறாங்க மேடம். நாம அதை எழுத்து ஸ்ட்ரிங்னு நெனச்சு காஸ்ட் பண்றோம், டப்புனு கிராஷ் ஆயிடுது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ரிலீஸ் வேற. காஸ்ட்டை எடுத்துட்டு ஸ்ட்ரிங்கா கன்வெர்ட் பண்ணிட்டேன். கிராஷ் நின்னுடுச்சு."

"நின்னுடுச்சு" என்றார் சுப்ரியா. "காஸ்ட் பண்ணினா மேல லேபிள்தான் மாறும், உள்ளே இருக்கறது மாறாது, உமேஷ். காலியா இருந்தா காலியாவே இருக்கும். கன்வெர்ட் பண்ணினா எதையும் எழுத்தா ஆக்கிடும். காலியையும்."

உமேஷ் அந்த வரியை மறுபடி படித்துப் பார்த்தான்.

"முதல் நம்பர் அவரோட மனைவியோடது. போன வருஷம் அவங்க தவறினதும் அதை எடுத்தாச்சு. அந்தக் காலி இடத்துல காலிங்கறதுக்கான 'null'னு நாலு இங்கிலீஷ் எழுத்து வந்து உக்காந்துடுச்சு. நம்பர் இருக்குன்னு நம்பி புரோகிராம் அதுக்கே மெசேஜ் அனுப்பிச்சு, பச்சை டிக் போட்டுது. மக நம்பர் ரெண்டாவதா இருந்தது. அதுக்குப் போகவே இல்ல."

"நர்ஸ் போன் பண்ணலையா மேடம்?"

"பச்சை டிக்கைப் பாத்துட்டு, வீட்டுக்குத் தெரிஞ்சாச்சுன்னு இருந்துட்டாங்க. காலைல அல்சூர் ஏரிப் பக்கம் வாக்கிங் போன இடத்துல விழுந்தவரு சந்தானம். மத்தியானம் ஒரு மணி வரைக்கும் உயிரோட இருந்தாரு. கதவு திறக்கறப்பல்லாம் தலையைத் தூக்கிப் பாத்தாராம்."

புகார்த் தாளில் பேஷண்ட் நம்பர் மட்டும்தான் இருந்தது, பேர் இல்லை. மேடம் எதையும் துருவித் துருவி விசாரிப்பவர் என்று உமேஷ் நினைத்துக்கொண்டான்.

எப்படியும் போகிற வேலைதானே என்று தைரியம் வந்தது. "ரிவ்யூ பண்ணி ஓகே குடுத்தது நீங்கதானே மேடம்?"

"ஆமா. படிக்காமலேயே குடுத்தேன்."

அவர் இப்படிப் பட்டென்று ஒப்புக்கொள்வார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எங்க அப்பா பீன்யா பேக்டரில மெஷின் ஓட்டித்தான் என்னை இன்ஜினியர் ஆக்கினாரு. அவருக்கு இப்படி ஆகியிருந்தா நான் சும்மா விட்டிருப்பேனா மேடம்? வேலை போனா போகட்டும். அந்தம்மா கால்ல விழுந்துடறேன். மணி பதினொன்றரை ஆச்சு, இன்னும் வரலையே அவங்க?"

சுப்ரியா லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"வந்து அரை மணி நேரமாச்சு, உமேஷ். அவரு எங்க அப்பா."