அண்ணா, இந்தாங்க மருந்து

“அண்ணா அண்ணான்னு கூப்பிட்டவனையே கட்டிக்கிட்டா ஊர் சிரிக்காதா?” என்று மேனேஜர் மேசையைத் தட்டினார்.

கல்யாணம் அவர் வீட்டில் இல்லை. ஜப்பானிலிருந்து வந்திருக்கும் வீடியோ கேமில். ஒரு வாள்வீரனும் ஒரு மருத்துவச்சிப் பெண்ணும் ஊர் ஊராகப் போய் அரக்கர்களோடு மல்லுக்கட்டும் நீண்ட தொடர் அது. அதைத் தமிழாக்கித் தருவதுதான் இந்த அலுவலகத்தின் பிழைப்பு. ஐந்து பாகம் வரை இருவரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளாக ஒழுங்காகத்தான் இருந்தார்கள். ஆறாம் பாகத்தில் கதை எழுதியவர்கள் இருவருக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

ஜப்பானிய மொழியில் இதில் ஒரு சிக்கலும் இல்லை. அங்கே அவள் அவனுடைய பெயரோடு ஒரு மரியாதைச் சொல்லை ஒட்டிக் கூப்பிடுகிறாள். தமிழில்தான் யாரோ ஒரு புண்ணியவான் அந்த இடத்தில் ‘அண்ணா’ போட்டுவிட்டார். சண்டையில் அவன் அடிபடும்போதெல்லாம், “அண்ணா, இந்தாங்க மருந்து” என்று ஓடிவருவாள். அவனோ எடுத்ததற்கெல்லாம் அடிபடுகிறவன். விளையாடும் பிள்ளைகள் வீட்டில் தண்ணீர் கொடுக்கும்போதுகூட அப்படித்தான் சொல்கிறார்களாம்.

“யார் போட்டது இந்த அண்ணாவை?”

மொழிபெயர்க்கும் பெண் எடிட்டரைப் பார்த்தாள். எடிட்டர் மின்விசிறியைப் பார்த்தார். அவள் வெறும் பெயரைத்தான் எழுதியிருந்தாள். வயதில் பெரியவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நன்றாக இருக்காது என்று திருத்தியவர் அவர்தான்.

மேனேஜர் முடிவாகச் சொல்லிவிட்டார். ஆற்றங்கரையில் இருவரும் தனியாக உட்கார்ந்திருக்கும் காட்சியில், கூடுதலாக ஒரே ஒரு வசனப் பெட்டிக்கு ஜப்பான்காரர்கள் இடம் தந்திருக்கிறார்கள். பெட்டியில் இரண்டு வரிக்கு மேல் கொள்ளாது. சாயங்காலத்துக்குள் அந்த இரண்டு வரியில் ‘அண்ணா’வைக் கழற்றிவிட வேண்டும். முடியாவிட்டால் தமிழில் மட்டும் கல்யாணம் கிடையாது, கடைசிவரை அண்ணன் தங்கைதான். கதவருகே போனவர் திரும்பி, “கல்யாணம் ஆகாத ரெண்டு பேர்கிட்ட கல்யாணக் கதையைக் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

முதல் பாகத்திலிருந்து அந்த மருத்துவச்சியைத் தமிழ் பேசவைத்தவள் மொழிபெயர்க்கும் பெண்தான். மலையேறி, கடல் தாண்டி, இத்தனை பேருக்கு மருந்து போட்ட பெண்ணுக்கு ஆசைப்பட்டவன் கிடைக்காமல் போவதா? அவளால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இருவரும் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தார்கள். ‘நீங்கள் என் கூடப்பிறந்தவர் இல்லையே’ என்று எழுதிக் காட்டினாள். இது விசாரணையில் சொல்லும் பதில் என்றார் எடிட்டர். ‘என் கண்கள் உங்களையே தேடுகின்றன’ என்று எழுதினாள். வைத்தியம் பார்க்கிறவளுக்கே கண் வைத்தியம் தேவைப்படும்போல என்றார். அடுத்தது அவருக்கே பிடித்திருந்தது. ஆனால் மூன்றாவது வரி பெட்டிக்கு வெளியே தொங்கியது.

தேநீர் ஆறி ஏடு கட்டியது. எடிட்டர் பொறுமையிழந்தார்.

“இது வேலைக்கு ஆகாது. ஒரு பொண்ணு அண்ணான்னு கூப்பிட்டுட்டா அதோட முடிஞ்சுது. அப்புறம் அந்த வாள்வீரன் மனசுல என்னதான் இருந்தாலும் வாயைத் திறப்பானா? பாவம் அவன்.”

“அவன் திறக்க வேண்டாம். அவ திறக்கலாமே?”

“அவளுக்கு அப்படி ஒரு நெனப்பு வந்துடுச்சுன்னு எப்படிக் காட்டறது?”

அவள் பேனா மூடியைக் கடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அப்படி ஒரு நினைப்பு வந்தவள் அதைத் தம்பட்டம் அடிக்க மாட்டாள். முதலில் அந்த வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொள்ளும். ‘இங்க பாருங்க’, ‘ஒரு நிமிஷம்’ என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பாள். பேரும் சொல்ல முடியாது, முறையும் சொல்ல முடியாது. ரொம்பக் கஷ்டம்.

“நல்லா இருக்கு. ஆனா கூப்பிடாம இருக்கறதைப் பெட்டிக்குள்ள எப்படி எழுதறது?”

அவள் மடிக்கணினியை மூடினாள். அவர் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக் கேட்டாள்.

“இனிமே உங்களை நான் என்னன்னு கூப்பிடட்டும்?”

எடிட்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். இரண்டு வரிகூட இல்லை, ஒரே வரி! அண்ணாவும் போயாச்சு, கல்யாணத்துக்கும் வழி பிறந்தாச்சு. மளமளவென்று தட்டச்சு செய்து, ஒரு காற்புள்ளியைப் போட்டுப் பார்த்து எடுத்துவிட்டு, அப்போதே மேனேஜருக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினார். மறுமுனையில் மேனேஜர் வாய்விட்டுச் சிரித்து, கல்யாணத்தை ஜாம்ஜாமென்று நடத்திவிடும்படி சொன்னார்.

“பொழைச்சோம்,” என்று போனை வைத்தவர், “சரி, இதுக்கு அவன் என்ன பதில் சொல்றான்?” என்று உற்சாகமாகத் திரையைப் புரட்டினார்.

“அவன் பதில் இருக்கட்டும். அந்த வசனத்தை மருத்துவச்சியே வச்சுக்கட்டும், பரவாயில்ல,” என்றாள் அவள், காது மடல் சிவக்க. “ஆனா கேட்டது நான். ‘சார் எல்லாம் வேண்டாம், அண்ணான்னே கூப்பிடு’ன்னு நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்குச் சொன்னீங்க. ரெண்டு மாசமா எனக்கு அது வாயில வரமாட்டேங்குது.”