விசேஷம்

மருமகள் ஸ்டூலில் ஏறி, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் துளைக்குள் கையை விட்டாள்.

வைக்கோல், பஞ்சு, துடைப்பக் குச்சி, யார் சீப்பிலிருந்தோ உருவி வந்த தலைமுடி. முட்டை இன்னும் இல்லை. கலைப்பதென்றால் இன்றைக்கே கலைத்துவிட வேண்டும்.

கழுத்தில் கறுப்புத் திட்டு வைத்த ஆண் குருவி ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து கத்தித் தீர்த்தது.

குருவி கூடு கட்டிய வீட்டில் சீக்கிரமே தொட்டில் ஆடும் என்று மாடி வீட்டுக்காரிதான் ஆரம்பித்து வைத்தாள். அன்றிலிருந்து தெருவே மருமகளின் முகத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பார்த்துப் பேசியது. கடைக்குப் போனாலும், மொட்டை மாடியில் துணி காயப்போட்டாலும், "என்ன, ஏதாவது விசேஷமா?"

கல்யாணமாகி ஐந்து வருடம்.

தெருவைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். லேத் பட்டறையிலிருந்து திரும்பிய கணவன் கூட்டை அண்ணாந்து பார்த்து, யாரும் போட்டுவிடாதபடி ஃபேன் சுவிட்சின் மேல் டேப் ஒட்டினானே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவனும் நம்ப ஆரம்பித்துவிட்டான்.

மாமியார் மட்டும் வாயே திறக்கவில்லை. சும்மா இருக்கிற வாய் இல்லை அது. இருவரும் சேர்ந்து கடைக்குப் போனால் அக்கா தங்கையா என்று கேட்பார்கள். அதற்கே அரை மணி நேரம் கதை சொல்லுவாள். இப்போதோ, அடுப்பில் எண்ணெய் காய்ந்தாலே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறாள்.

ஃபேன் ஓடாத சமையலறையில் வேறென்ன செய்வாள், பாவம்.

ஒரு பிடி வைக்கோல் தரையில் விழுந்தது.

"அதக் கலைக்காதம்மா."

மாமியார் கதவோரம் நின்றிருந்தாள்.

"விடுங்க அத்தை. இந்தக் குருவி சொல்ற பொய்க்கு நான் ஊருக்கெல்லாம் பதில் சொல்ல முடியாது."

மாமியார் வந்து ஆடிய ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். அண்ணாந்து பார்க்கவில்லை.

"பொய் சொல்லலம்மா. நாள் தள்ளிப்போயிருக்கு," என்றாள். "எனக்கு. உங்க மாமாகிட்டகூட இன்னும் சொல்லல."

மருமகளுக்கு முதலில் வந்தது அழுகைதான். அதற்குள் மாமியார் முந்திக்கொண்டுவிட்டதால் தன்னுடையதை அடக்க வேண்டியதாயிற்று.

இறங்கி, அந்த ஸ்டூலிலேயே மாமியாரை உட்கார வைத்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். ஊர் சிரிக்குமே, மகன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று அவள் புலம்பியதை எல்லாம் கேட்டாள். கேட்டுக்கொண்டே தலைவாரி, புடவை மாற்றி, பையை எடுத்துக்கொண்டாள்.

"கிளம்புங்க அத்தை, போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."

எந்த டாக்டரம்மா குத்திக்காட்டாமல் பேசுவாள், எந்த ஆஸ்பத்திரியில் பேரைச் சத்தமாகக் கூப்பிட மாட்டார்கள் என்பதெல்லாம் அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.