வீட்டம்மா போன்

"இது என் மனைவியோட போன்" என்று சொல்லித்தான் இன்ஜினீயர் அதை போன் ரிப்பேர்க் கடை மேஜை மேல் வைத்தார்.

பக்கத்தில் நின்ற மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஆமாம் என்று தலையாட்டினாள். முப்பத்து நாலு வருஷப் பழக்கம்.

அவர்கள் உள்ளே நுழைந்தபோதே மெக்கானிக் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தார். கையிலிருந்த ரிப்பேர் சீட்டை எழுந்து போய்ச் சுவரில் ஒட்டிவிட்டு வந்து, அப்புறம்தான் "சொல்லுங்க சார்" என்றார்.

போனின் முதுகு வீங்கி, மூடி ஒரு பக்கம் வாயைப் பிளந்திருந்தது. மேஜையில் படியாமல் அரைச் சுற்று சுற்றி நின்றது. பெஞ்சில் காத்திருந்த நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

இன்ஜினீயர் பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாரப் பத்திரிகை ஒன்றில் 'சார்ஜில் கவனம்' என்று எழுதி வந்தார். எண்பது சதவீதத்தில் பிடுங்கு, சூடாக விடாதே, படுக்கையில் வைத்துச் சார்ஜ் போடாதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லூரியில் இதே தலைப்பில் பேச்சு வேறு. அவர் போனே வீங்கிக் கிடக்கிறது என்று தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். அதனால்தான் தெருமுனைக் கடையை விட்டுவிட்டு மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி வந்திருந்தார்.

மெக்கானிக் மனைவி பக்கம் திரும்பினார்.

"ராத்திரி முழுக்கச் சார்ஜ்ல கிடக்குமாம்மா?"

"ஆமாங்க."

"எங்க வைப்பீங்க?"

"தலையணைக்கு அடியில."

"சார்ஜ்ல இருக்கும்போதே பேசறதும் உண்டா?"

"பேசறது மட்டுமா? பக்கம் பக்கமா எழுதறதும் அப்பத்தாங்க."

இன்ஜினீயருக்கு இருமல் வந்தது.

எத்தனை நாளாக வீங்கியிருக்கிறது என்று கேட்டார் மெக்கானிக். இருபது நாள் இருக்கும் என்றாள். சொல்லிக்கொண்டேதான் இருந்தாளாம், கேட்க ஆளில்லையாம்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"போன்கிட்டதான்" என்றாள் அவள், முகம் மாறாமல்.

பெஞ்சில் ஒருவர் சிரித்தார். மெக்கானிக் சிரிக்கவில்லை. சுவரைக் காட்டி, அங்கே இருப்பதை ஒரு தடவை படிக்கச் சொன்னார்.

பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டியிருந்த பத்திரிகைப் பக்கம் அது. இன்ஜினீயருக்குப் பகீரென்றது. அவருடைய கட்டுரையேதான், பத்துக் கட்டளைகளும் அப்படியே! நல்லவேளை, மேல் மூலையில் பேரும் போட்டோவும் இருக்க வேண்டிய இடத்தை அந்த ரிப்பேர் சீட்டு மறைத்திருந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

மெக்கானிக் நாலாவது கட்டளையைச் சத்தமாகவே படித்தார். வீங்கிய பேட்டரியைச் சார்ஜில் போடுவதும், எரியும் கொள்ளியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவதும் ஒன்றுதான் என்று அதில் இருந்தது.

"எத்தனை தடவை சொன்னாலும் கேக்கறதில்லை" என்றார் இன்ஜினீயர். ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. மனைவி கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

மெக்கானிக் மெல்ல மூடியைக் கழற்றினார். அழுத்தாமல், குத்தாமல், பிளாஸ்டிக் தகட்டால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுத்தார். உப்பிய பேட்டரியை மணல் டப்பாவுக்குள் வைத்து மூடிய பிறகுதான் மூச்சு விட்டார்.

"தலையணைக்கு அடியில இன்னும் நாலு நாள் போயிருந்தா..." என்றபடி டப்பாவைத் தள்ளி வைத்தார்.

இன்ஜினீயர் மனைவியைப் பார்த்தார். அதே கட்டிலில்தான் அவளும் படுக்கிறாள். இந்த இருபது நாளில் மானத்தை நினைத்த அளவுக்கு அதை அவர் நினைக்கவே இல்லை.

புதுப் பேட்டரி ஏறியது. போன் உயிர் பெற்று ரகசிய எண் கேட்டது. மெக்கானிக் அதை மனைவியிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெஞ்சு மொத்தமும் அவளைப் பார்த்தது.

"நம்பர் மறந்து போறது சகஜம்தாம்மா" என்றார் மெக்கானிக். "சாருக்குத் தெரிஞ்சிருக்கும். அவர்கிட்ட குடுங்க."

இன்ஜினீயர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ஆறு எண்களையும் ஒரே மூச்சில் தட்டினார்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அவர் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நல்லவேளை, ஆளுக்கு என்னை அடையாளம் தெரியல."

"ம்" என்றாள் மனைவி. கால் மணி நேரம் கழித்து பஸ் வந்தது. ஏறப்போகும்போது போர்டைப் படிக்கச் சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடி இல்லை; கடை மேஜையிலேயே விட்டிருந்தார்.

இருவரும் திரும்பி நடந்தார்கள். பெஞ்சில் பழைய ஆட்கள் யாரும் இல்லை. புதிதாக வந்த ஒருவர் வீங்கிய போனோடு சுவரைப் பார்த்து நின்றிருந்தார். மெக்கானிக் அந்த ரிப்பேர் சீட்டைப் பக்குவமாக உரித்துக்கொண்டிருந்தார். அடியிலிருந்து, கைகட்டிச் சிரிக்கும் இன்ஜினீயரின் போட்டோ வெளியே வந்தது.

வாசற்படியில் வைத்த கால் அப்படியே நின்றது. மனைவி பின்னாலேயே நின்றாள். திரும்பி அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"எழுதறது சுலபம்ங்க" என்றார் உள்ளே புதிதாக வந்தவர். "இதை எழுதினவர் வீட்டுல இதெல்லாம் நடக்குமா?"

"அவர் அப்படியே நடப்பாருங்க" என்றார் மெக்கானிக். "அவர் வீட்டம்மாதான் சொன்னா கேக்கறதில்லையாம்."