இழுவைக்குப் பத்து சென்

தவமணி தன் தோழி கத்தரீனுக்குத் தர வேண்டியது மலேசியக் காசில் ஒரு வெள்ளி எழுபது சென். சொற்போர்ப் பயிற்சியில் எதிரணியை மறுத்துப் பேசும்போது 'வந்து... வந்து...' என்று இழுத்தால் தடவைக்குப் பத்து சென் என்று பேச்சு. பதினேழு முறை இழுத்திருக்கிறாள்; கத்தரீனின் நோட்டில் பதினேழு கோடுகள். சனிக்கிழமை பிரிஞ்சாங் பட்டணத்தில் போட்டி. பனி இறங்கும் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பின்புறத்தில் இருவரும் பேசிப் பழகிக்கொண்டிருக்க, கொழுந்துக் கூடையின் கயிற்றைக் கையில் சுற்றியபடி வருகிறார் தவமணியின் அப்பா இருளப்பன். "நாளைலேருந்து கொழுந்து கிள்ளப் போ. பொட்டப்புள்ளைக்கு வாய் எதுக்கு லா?" கயிறு சீறி விழுகிறது. தவமணியின் உதடு கிழிந்து, ஈரத் தகரச் சுவரில் ரத்தம் தெறிக்கிறது. தவமணி நகரவில்லை. எதிராளியின் சொல்லை முதலில் திருப்பிச் சொல், பிறகு மறு என்பதுதான் பாடம். "வாய் எதுக்குன்னு கேட்டீங்கப்பா. கணக்கெழுதுற கிராணி உங்க பேர வேலைப் பட்டியல்லேருந்து வெட்டுனப்ப, தோட்டத் துரைகிட்ட நின்னு பேசி வேலைய மீட்டுக் குடுத்தது இந்த வாய்தான்." மறுபடி கயிறு, இம்முறை தோளில். "அடிங்க. சனிக்கெழம போவேன். சோறு போட்ட வாய மூடச் சொல்லாதீங்க." ஓங்கிய கை அப்படியே நிற்கிறது. அவர் கூடையை எட்டி உதைக்கிறார். அது உருண்டு சாக்கடையில் விழுகிறது. முதுகு காட்டி நடக்கிறார். கத்தரீன் நோட்டைத் திறந்து பதினேழு கோடுகளையும் குறுக்கே அடிக்கிறாள். "ஒரு எடத்துலயும் இழுக்கலடி. கடன் தீந்துச்சு. மொதல்ல ரத்தத்தக் கழுவு."